நட்சத்திரம் கேட்காத சாமி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கையில் இருக்கிற போனைக் கவிழ்த்து வையுங்கள். பிள்ளையையோ பெண்ணையோ வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கே மணி என்ன என்று விரல்விட்டு எண்ணுகிறவர்கள் யாராவது இருந்தால் முன்னால் வாருங்கள். இது உங்களுக்கான கதை. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நடுவில் எங்கேயாவது சுருக்கென்று குத்தினால், குத்தின இடத்தைத் தடவிக்கொண்டே கேளுங்கள்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கினால் ஒரு சவுக்குத் தோப்பு. தோப்புக்குள்ளே, வியாபாரம் படுத்து மூடிப்போன ஒரு ரிசார்ட். அங்கேதான் முத்திரைச் சாமி எழுந்தருளியிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் அந்தப் பக்கம் போனால் கடல் சத்தம் கேட்காது. கடகடகடவென்று வேறொரு சத்தம்தான் கேட்கும். முந்நூறு பேர், முந்நூறு சக்கரப் பெட்டி. எல்லாம் காலிப் பெட்டி. தண்ணீர் வற்றிய நீச்சல் குளத்தைச் சுற்றிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வலம் வருவார்கள். எத்தனை சுற்று? இருபத்து மூன்று. ஏன் இருபத்து மூன்று? விமானத்தில் ஒரு பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோதானே விடுகிறான்! கிலோவுக்கு ஒரு சுற்று. நாளைக்கே விமானக் கம்பெனிக்காரன் முப்பது கிலோ என்று சொல்லிவிட்டால் முட்டி வலிக்காரர்கள் கதி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் படித்தவர்கள். வாத்தியார், வங்கி மேனேஜர், நர்ஸ், தலைமை எழுத்தர். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்காரர்கள் குடியிருக்கிற அணுபுரத்திலிருந்து ரவிச்சந்திரன் என்று ஒருவர் வருவார். முப்பது வருஷம் மீட்டர் முள்ளை மட்டும் நம்பி உத்தியோகம் பார்த்தவர். இப்போது மஞ்சள் துணியில் எலுமிச்சம்பழம் முடிந்து, பெட்டியின் கைப்பிடியில் கட்டிக்கொண்டு சுற்றுவார்.

எல்லாருக்கும் ஒரே வேண்டுதல். அப்பா அம்மாவுக்கென்றே கொடுக்கிற நீண்ட நாள் விசா. ஒருதரம் போய் இறங்கினால் வருஷக்கணக்கில் பிள்ளையோடு இருக்கலாம். அதற்குப் பிள்ளையின் சம்பளச் சீட்டு, மருத்துவக் காப்பீடு, உடம்புப் பரிசோதனை என்று ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். காகிதத்தையெல்லாம் அங்கே இருக்கிற பிள்ளை பார்த்துக்கொள்வான். இங்கே இருக்கிற பெற்றவர்களுக்கு மிச்சம் காத்திருப்பது ஒன்றுதான். காத்திருக்கிற மனுஷரைப் போல ஏமாற்றச் சுலபமான ஆள் வேறு யார்?

குளத்துக்குள் குதிப்பதற்கென்று போட்ட பலகையின் மேல் சாமி உட்காருவார். ஜனங்கள் குளத்துக்குள்ளே, பளிங்குத் தரையில். சுவரில் 'ஆழம் எட்டு அடி' என்று இன்னும் எழுதியிருக்கும். அதற்குக் கீழே உட்கார்ந்தவர்கள்தான் ஆழ்ந்த பக்தர்கள். சாமிக்குப் பீடம் ஒரு பெரிய நீலப் பெட்டி. அதன் மேல் பட்டு விரிப்பு. பெட்டிக்குள்ளே என்ன? பக்தர்களின் பாஸ்போர்ட். நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம், சாமி அதன் மேல் உட்கார்ந்து மந்திரம் சொல்லி உருவேற்றிக் கொடுப்பார். கோழி முட்டையின் மேல் உட்காருகிற மாதிரி.

சாமிக்குப் பணம் ஆகாது. பணத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார். மூடியிருக்கும்போது சீடன் செல்வராஜ் வாங்கிக்கொள்வான். மேலே விமானம் ஏதாவது பறந்தால் செல்வராஜ் கையைத் தூக்கி, "முத்திரையோ முத்திரை!" என்பான். முந்நூறு பேரும் வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அந்த விமானம் மதுரைக்குப் போகிறதா மலேசியாவுக்குப் போகிறதா, யாருக்குத் தெரியும்?

செங்கல்பட்டிலிருந்து ருக்மிணி மாமியும் அவர் கணவர் ஆராவமுதனும் வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட ஒரு வியாழக்கிழமைதான்.

ஆராவமுதன் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து ஒரு நூல் கோணினாலும், "அட்டெஸ்டேஷன் வாங்கிண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பியே பேர் வாங்கினவர். அந்த மனுஷர் தன் பாஸ்போர்ட்டையும் மனைவி பாஸ்போர்ட்டையும், ரசீது கேட்காமல், முன்னே பின்னே தெரியாத ஒருவனுடைய ஆசனத்துக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார். ருக்மிணி ஒரு வார்த்தை கேட்டாள்.

"ஏன்னா, ஒரு ஜெராக்ஸ் காப்பி கொடுத்தாப் போறாதோ?"

"ஜெராக்ஸுக்கு எப்படிடி உருவேறும்? அசடு மாதிரிப் பேசாதே."

அவளுக்கு விவாதம் பண்ண நேரமில்லை. ஒரே பெண் மதுவந்தி கனடாவில் வின்னிபெக் நகரத்தில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் ஒரு கரு தங்கியிருக்கிறது. டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குத் தாயில்லை. அவன் வேலைக்குப் போனால் வீட்டில் அவளுக்கு ஒரு தம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆளில்லை. தினமும் போனில் அந்த முகம் வெளுத்துக்கொண்டு வருவதை ருக்மிணி பார்க்கிறாள். கண்ணாடிக்குள் கையை விட்டுத் தடவ முடியுமா? கார்த்திகையில் பிரசவம். அதற்குள் போய்விட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் நாளே சாமி அவளை அசத்திவிட்டார். வாசலில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். எழுதிப் பித்தளைக் குடத்தில் போட வேண்டும். குடம் 'வான் அறை'க்குப் போகும். அது பழைய ரிசப்ஷன் அறை. ஏசி மட்டும் புதிது. செல்வராஜ் குடத்தோடு உள்ளே போவான். இங்கே அரைமணி நேரம் பஜனை. பிறகு சாமி உள்ளே போய்த் தியானம் முடித்து, கையில் ஒரு தாமரைப்பூவோடு வந்து பலகையில் உட்காருவார். பூவுக்குள்ளே உற்றுப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாக்குச் சொல்லுவார்.

"ருக்மிணி! செங்கல்பட்டு! உன் ஃபைல் ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை கடல் கடந்து போய்ச் சேர்ந்துவிட்டது தாயே. ஒரு பெண் அதிகாரி கையில் இருக்கிறது."

ருக்மிணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. விண்ணப்பம் போட்ட தேதி அவளுக்கே தெரியாது. மாப்பிள்ளையைக் கேட்டால், ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை! அந்த அதிகாரி பெண்ணா ஆணா என்று யார் போய்ப் பார்த்தார்கள்? அதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. தேதி சரியாக இருந்தால் மீதியும் சரி என்று மனசு தானாகவே கூட்டிக் கழித்துக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து இன்னும் பெரிய அதிசயம்.

"உன் உடம்பைப் பார்க்கச் சொல்லி ஓலை வருகிறது தாயே. இன்று சூரியன் மறைவதற்குள் தெரியும்."

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மதுவந்தி கூப்பிட்டாள். "அம்மா, இப்பதான் தூங்கி எழுந்து பார்த்தேன். மெடிக்கல் டெஸ்ட் கேட்டிருக்கா. சென்னையில அவா சொல்ற டாக்டர்கிட்ட முப்பது நாளுக்குள்ள போயிடணும். பாஸ்போர்ட் ஒரிஜினல் கட்டாயம் எடுத்துண்டு போம்மா."

ஆராவமுதன் போனுக்குப் பின்னால் நின்றுகொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். ருக்மிணியும் போட்டுக்கொண்டாள். போட்ட கை கன்னத்திலேயே நின்றுவிட்டது. ஒரிஜினலா?

நாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முப்பது நாள் கெடு முடிந்து நாலாவது நாள்தான் மண்டலம் முடிகிறது. நாலே நாள் குறுக்கே விழுகிறது. அடுத்த வியாழக்கிழமை பலகையின் கீழே போய் நின்றாள்.

செல்வராஜ் வழி மறித்தான். "இன்னாம்மா, கோழி அடைகாத்துகினு இருக்கசொல்ல முட்டைய உருவுவியா நீ?"

"ஒரு நாளைக்குப் போறும்ப்பா. டாக்டர்கிட்ட காட்டிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வெச்சுடறேன்."

"நடுவுல எடுத்தா அதிகாரி பேனாவுல மை காஞ்சிடும்மா. போன மாசம் முட்டுக்காட்டுக்காரம்மா இன்னா ஆச்சுன்னு கேளு."

முட்டுக்காட்டுக்காரம்மா சரோஜா பக்கத்திலேயே நின்றிருந்தாள். மீன் ஏலக் கூடத்தில் குரல் கொடுத்தே மகனைப் படிக்க வைத்தவள். அவளுக்கு விசா மறுத்துவிட்டார்கள். பத்தொன்பதாவது சுற்றில் அவள் பெட்டி கை நழுவிக் கவிழ்ந்துவிட்டதாம், அதுதான் காரணமாம். சாமி பூவுக்குள் பார்த்துச் சொன்னார்.

"எம் மேலதான் தப்பு மாமி," என்றாள் சரோஜா. "சக்கரத்துக்கு எண்ணெய் வெச்சுகினு வந்திருக்கணும். பேரப்புள்ள ரெண்டு வயசாவுது, இன்னும் நேர்ல பாக்கல. எம் பாவம்." குரல் கொடுத்தால் கடலே கேட்கும் என்பார்களாம் அவளை. அன்றைக்கு ருக்மிணிக்கே காது கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து ருக்மிணி கணவரிடம் மன்றாடிப் பார்த்தாள். அவர் தலைமை எழுத்தர் குரலில், "விதியிலே இடமில்லைடி," என்றார். எந்த விதி, யார் போட்டது? சாமி போட்டது. போன மாசம் போட்டது.

கெடு முடிய ஒன்பதே நாள் இருக்கும்போது, மெடிக்கலுக்குப் புதுப் போட்டோ எடுக்க ருக்மிணி பதருன்னிசா கடைக்குப் போனாள். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ், போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்கிற கடை. பதருன்னிசாவுக்கும் ருக்மிணி வயதுதான். இருபது வருஷமாக ஊர்க்காரர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள். அவளுடைய மகள் ஷஃபானாவும் கனடாவில்தான் இருக்கிறாள்; பதருன்னிசாவும் அதே விசாவுக்குப் போட்டிருந்தாள்.

"பெருசா சிரிக்காதீங்க மாமி, பல்லு தெரிஞ்சா போட்டோவ வாணாம்னுடுவான்," என்றாள் பதருன்னிசா. பிறகு காமிராவை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "இன்னா மாமி, சிரிக்க வாணாம்னா அழுவறீங்க?"

கைக்குட்டையை எடுக்கப் பையைக் கவிழ்த்தபோது சாமியின் சீட்டு ஒன்று விழுந்தது. நாளைக்கு எழுதிப் போட வைத்திருந்த, கட்டங்கள் மட்டும் அச்சடித்த வெற்றுச் சீட்டு. பதருன்னிசா எடுத்துப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

"மாமி, உங்க கோயில்ல அர்ச்சனைக்கு இன்னா கேப்பாங்க?"

"பேரு, நட்சத்திரம், கோத்திரம்."

"இதுல நட்சத்திரம் இல்ல. கோத்திரம் இல்ல. ராசியும் கேக்கல. பேரும் ஊரும் வுட்டா ஃபைல் நம்பர், பாஸ்போர்ட் நம்பர், பொறந்த தேதி. சாமி இன்னா கம்ப்யூட்டர்லயா அர்ச்சன பண்றாரு?"

"அப்படியெல்லாம் சொல்லாதே பதரு. அவர் சொன்னது அத்தனையும் அப்படியே நடந்தது."

பதருன்னிசா திரையை ருக்மிணி பக்கம் திருப்பினாள். விசா ஆபீஸின் பக்கத்தைத் திறந்தாள். அதில் மூன்று கட்டம். ஃபைல் நம்பர், பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி. சீட்டில் இருந்த அதே வரிசை. ருக்மிணியின் எண்களைச் சொல்லச் சொல்ல அடித்தாள். பக்கம் திறந்தது. விண்ணப்பம் வந்து சேர்ந்த நாள்: ஐந்தாம் தேதி. மருத்துவப் பரிசோதனை கேட்ட நாள்: புதன்கிழமை.

"வியாழக்கெழம காலைல சாமி சொன்னாரு இல்ல? இது புதன்கெழமயே வந்துடுச்சு. இங்க வியாழக்கெழம காலைலன்னா அங்க புதன்கெழம ராத்திரி, உங்க பொண்ணு தூங்கிகினு இருந்துச்சு. இங்க சாமி முழிச்சிகினு இருந்தாரு. அவ்ளோதான் மாமி."

ருக்மிணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிக்கை உடனே போய்விடுமா கண்ணுகளா? பிள்ளைக்காக வைத்த நம்பிக்கை. அது விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"ஞானதிருஷ்டியிலே பார்த்ததும் கம்ப்யூட்டர்லே இருக்கறதும் ஒண்ணா இருக்கப்படாதா பதரு? உண்மைன்னா ரெண்டு இடத்திலேயும் ஒரே மாதிரிதானே இருக்கும்?"

பதருன்னிசா கோபப்படவில்லை. "நல்ல கேள்வி மாமி," என்றாள். "அப்ப சாமி எதப் பாக்குறாருன்னு பாத்துடலாம். உங்களையா, நம்பரையா? நாளைக்கு சீட்டுல உங்க பேர எழுதுங்க. கட்டத்துல எம் நம்பருங்கள எழுதுங்க. கம்ப்யூட்டர்ல இந்தப் பக்கத்துல ஆரு பேரும் காட்டாது. அவரு உங்களப் பாத்தாருன்னா மெடிக்கல் பாக்கின்னு சொல்லுவாரு. எம் ஃபைலப் பாத்தாருன்னா வேற சொல்லுவாரு. அவரு ஜெயிச்சா நானே பொட்டி இழுத்துகினு இருவத்தி மூணு சுத்து சுத்துறேன்."

அன்றைக்குப் படுக்கும்போது ருக்மிணி பெருமாளிடம் என்ன வேண்டிக்கொண்டாள் தெரியுமா? சாமி ஜெயிக்க வேண்டும் என்றுதான்.

மறுநாள் கணவர் தன் பேனாவால் அழகாக எழுதிக் கொடுத்த சீட்டை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள். பதருன்னிசாவின் எண்களை எழுதின மற்றொரு சீட்டைக் குடத்தில் போட்டாள். பதருன்னிசா கறுப்புப் புர்காவோடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எட்டடி ஆழத்தில் போய் உட்கார்ந்தாள். செல்வராஜுக்கு அவளைப் பார்த்ததும் ஒரே பூரிப்பு. "பாத்தியா, சாமிக்கு ஜாதி மதமே கெடயாது!" என்று எல்லாரிடமும் சொன்னான். கட்டணமும் எல்லா மதத்துக்கும் ஒன்றுதான்.

பஜனை முடிந்தது. சாமி தாமரையோடு வந்தார். ஒருவருக்கு "இரண்டாம் மேஜை தாண்டிவிட்டது" என்றார். ஒருவருக்கு "ஒரு காகிதம் குறைகிறது, பரிகாரம் செய்" என்றார். காகிதம் குறைந்தால் காகிதத்தைத் தானே கொடுக்க வேண்டும்? இல்லை. பரிகாரம்.

"ருக்மிணி! செங்கல்பட்டு!"

ருக்மிணி எழுந்து நின்றாள். 'மெடிக்கல்னு சொல்லுங்கோ. சொல்லிடுங்கோ. நான் காலிலே விழறேன்.'

சாமி பூவுக்குள் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. பலகையே ஆடுகிற மாதிரி எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

"தாயே! வானம் திறந்துவிட்டது! உன் வேலை முடிந்தது! விசா கிடைத்துவிட்டது. முத்திரை விழுந்துவிட்டது!"

குளமே அதிர்ந்தது. "முத்திரையோ முத்திரை!" ஆராவமுதன் தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் ருக்மிணியின் புடவைத் தலைப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் சந்தோஷமில்லாமல் நின்றவள் அவள் ஒருத்திதான். நெஞ்சுக்குள்ளே ஏதோ ஒன்று ஓசையில்லாமல் கழன்று விழுந்தது. விழுந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"சாமி, ஒரு சந்தேகம்," என்றாள். "முத்திரை எதிலே விழுந்தது?"

"உன் பாஸ்போர்ட்டில்தான் தாயே. என் கண்ணால் பார்த்தேன். ஊதா நிறம்."

"என் பாஸ்போர்ட் அஞ்சு வாரமா உங்க பெட்டியிலே இருக்கே சாமி. நீங்கதானே அது மேலே உட்கார்ந்துண்டிருக்கேள்?"

சாமியின் கை பாதியில் நின்றது. கீழே பெட்டியைப் பார்த்தார். தாமரையைப் பார்த்தார். தாமரை ஒன்றும் சொல்லவில்லை.

அவரை அந்த நிமிஷத்தில் மாட்டிவிட்டது யார் என்கிறீர்கள்? ருக்மிணி இல்லை. பதருன்னிசாவும் இல்லை. பரம பக்தர் ரவிச்சந்திரன்தான். எலுமிச்சம்பழத்தோடு துள்ளி எழுந்தார்.

"ஆஹா! ஆபீஸுக்கே போகாம, பெட்டிக்குள்ளயே விழுந்திருக்கு! இதவிட அதிசயம் வேணுமா? தெறங்க சாமி! எல்லாரும் பாக்கட்டும்!"

"தெறங்க சாமி! தெறங்க!" முந்நூறு பேரும் பிடித்துக்கொண்டார்கள். சந்தேகத்தால் கத்தியிருந்தால் சாமி சமாளித்திருப்பார். சாபம் கொடுப்பேன் என்று ஒரு அதட்டல் போதும். இவர்கள் பக்தியால் அல்லவா கத்துகிறார்கள்! பக்தியை எப்படி அதட்டுவது?

"அது... சூட்சும முத்திரை. ஊனக்கண்ணுக்குத் தெரியாது," என்றார் சாமி.

"ஊதா நெறம்னு இப்பதான சொன்னீங்க?" என்று குளத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

அதற்குள் நாலு பக்தர்கள் பலகையில் ஏறி, சாமியை மரியாதையாக இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாகப் பாஸ்போர்ட். வெயிலில் ரப்பர் இளகி அட்டையில் ஒட்டியிருந்தது. மந்திரம் ஏறியிருந்ததோ இல்லையோ, எறும்பு ஏறியிருந்தது.

ஆராவமுதன் மனைவியின் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தார். முப்பது வருஷப் பழக்கம். விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. மறுபடியும் கடைசியிலிருந்து முதல் வரை.

"ஒண்ணுமில்லையேடி," என்றார். அந்தக் குரலைக் கேட்க ருக்மிணிக்கே பாவமாக இருந்தது.

எட்டடி ஆழத்திலிருந்து பதருன்னிசா எழுந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து, பக்கத்தை விரித்துத் தலைக்கு மேலே பிடித்தாள்.

"முத்திரை இங்க கீது. போன வாரம் எனக்கு வந்தது. மாமி சீட்டுல மாமி பேரு கீது, எம் நம்பரு கீது. சாமி மாமியப் பாக்கல. மாமி ஃபைலப் பாக்கல. நம்பர அடிச்சு வந்ததப் படிச்சாரு."

சாமி சட்டென்று சீடன் பக்கம் திரும்பினார். பார்வையாலேயே ஏதோ கேட்டார். செல்வராஜுக்குப் பார்வையைப் படிக்கத் தெரியாது. பாவம், திரையை மட்டுந்தான் படிக்கத் தெரியும்.

"எம் மேல இன்னா மொறைக்கற அண்ணாத்த? நா ஒவ்வொரு நம்பரையும் கரீட்டாதான் அடிச்சேன்! அந்தம்மா தப்பா எழுதிக் குடுத்தா நா இன்னா பண்ணுவேன்?"

யாரோ ஒரு டீச்சரம்மா களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு சுவருக்குச் சுவர் பட்டுப் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

வான் அறையைத் திறந்து பார்த்தார்கள். வானம் ஒரு லேப்டாப்பில் இருந்தது. அதைப் பார்த்துப் பொடி எழுத்தில் எழுதின சீட்டுதான் தாமரைக்குள்ளே இருந்தது. பக்கத்தில் பாதி சாப்பிட்ட நாஸ்தா. சாமியின் பூர்வாசிரமமும் அங்கேயே ஒரு விசிட்டிங் கார்டில் கிடைத்தது: எங்கேயோ ஒரு டிராவல்ஸில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர். சாமி அந்தக் கணமே மௌன விரதம் பூண்டார். போலீஸ் வண்டியில் ஏறுகிற வரைக்கும் விரதத்தைக் கலைக்கவில்லை. அவர் கடைப்பிடித்த ஒரே விரதம் அதுதான்.

இத்தோடு ஜனங்களுக்குப் புத்தி வந்தது என்று நினைக்கிறீர்களா? கேளுங்கள் கூத்தை. கூட்டத்தில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டை அள்ளிக்கொண்டு நேரே பதருன்னிசாவிடம் வந்தார்கள். "அம்மா, உங்க கைராசிதாம்மா. விசா வந்த கை. ஒருதரம் இதத் தொட்டுக் குடுங்க." ரவிச்சந்திரன், "அணு ஆபீஸ்ல முப்பது வருஷம் மீட்டர் பாத்தவன்மா நான், எனக்கும் தொட்டுக் குடுங்க," என்று எலுமிச்சம்பழத்தை அவள் பக்கம் நீட்டினார். ஒரு சாமி இறங்கின பலகையில் இன்னொரு சாமியை ஏற்றாவிட்டால் சிலருக்குக் கை கால் ஓடாது.

பதருன்னிசா கத்தினாள்: "யோவ், அணு ஆபீஸ்ல மீட்டர் பாத்த ஆளாய்யா நீ? பழத்தப் புழிஞ்சு ஜூஸ் குடி! எங்கால்ல குனியிற நேரத்துல உங்க புள்ள அனுப்புன லெட்டரப் படிங்க. எல்லாம் அதுல எழுதிக்கீது!"

எல்லாரும் விலகினார்கள். சரோஜா மட்டும் விலகவில்லை. இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். அதற்குள் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"விசா இல்லன்னு வந்த லெட்டரு. இங்கிலீஷு. சாமி பூவுல பாத்தே சொல்லிட்டாருன்னு நா ஆருகிட்டயும் குடுத்துப் படிக்கல. எம் புள்ளையும் மனசு வுட்டுட்டுப் பேசறதேயில்ல. இதுல இன்னா போட்டுக்கீதுன்னு சொல்லும்மா."

பதருன்னிசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ஆராவமுதனும் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். இந்த மாதிரிக் காகிதம் அவருக்குத் தாய்மொழி.

"உங்க பையனோட சம்பளச் சான்றிதழ் ரெண்டு வருஷத்துக்குக் கேட்டிருக்கா. ஒரு வருஷத்துதான் வெச்சிருக்கான்," என்றார் மெதுவாக. "இன்னொண்ணையும் சேர்த்து மறுபடி விண்ணப்பம் போடலாம்."

"பொட்டி கவுந்தது?"

"பெட்டியைப் பத்தி ஒரு வரிகூட இல்லைம்மா."

சரோஜா அந்தக் காகிதத்தை வாங்கி, எழுத்து தெரியாவிட்டாலும் வரிவரியாகத் தடவிப் பார்த்தாள். பிறகு அந்த வெற்றுக் குளத்தின் நடுவில் உட்கார்ந்து, ஏலம் கேட்ட குரலில் ஓவென்று அழுதாள். இரண்டு மாசமாகத் தன் கையைத் தானே சபித்துக்கொண்டிருந்தவள் அவள். சாமி செய்த எல்லாவற்றிலும் கொடியது அதுதான்.

ஆராவமுதன் மனைவியின் பக்கம் வந்தார். இரண்டு பாஸ்போர்ட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். "ருக்கு, ஒரு ரசீதுகூட வாங்கிக்கலைடி நான்," என்றார். அவரால் சொல்ல முடிந்த பெரிய மன்னிப்பு அதுதான். ருக்மிணி, "நாளைக்குக் காலம்பற ஆறே முக்கால் ரயில். டாக்டர்கிட்ட நாள் கேட்டாச்சு," என்றாள். அவளால் கொடுக்க முடிந்த பெரிய மன்னிப்பு அது.

பரிசோதனை முடிந்தது. அவருக்குச் சர்க்கரை கொஞ்சம், அவளுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம். இரண்டுக்கும் முத்திரைச் சாமிதான் காரணம் என்று டாக்டரிடம் சொன்னால் அவருக்கு என்ன புரியும்? பிறகு காத்திருப்பு. ஆனால் இந்தக் காத்திருப்பு வேறு. தினமும் காப்பி குடித்த கையோடு ருக்மிணி போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மூன்று கட்டத்தையும் தானே நிரப்பிப் பார்த்தாள். முதல் இரண்டு நாள் நம்பரைத் தப்பாக அடித்தாள். மூன்றாம் நாள் கை வந்துவிட்டது.

புரட்டாசி முடிகிற சமயத்தில் ஒருநாள் காலையில் வரி மாறியிருந்தது. அவள் இரண்டு தடவை படித்தாள். கணவரைக் கூப்பிட்டு அவரையும் படிக்க வைத்தாள். பிறகு வின்னிபெக்கில் தூக்கக் கலக்கத்தோடு போனை எடுத்த பெண்ணிடம், "மதூ, விசா வந்துடுத்துடி. பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லியிருக்கா," என்றாள்.

"என்னம்மா சொல்றே? எனக்கே இன்னும் தெரியாதே! உனக்கு எப்படித் தெரியும்? யாராவது சாமி சொன்னாரா?"

"இல்லைடி. நான் படிச்சேன்."

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் பெயர் எழுதின காகிதத்தை நீங்கள் படிக்க மாட்டேன் என்றால், அதைப் படித்துக் காட்டியே உங்கள் தலையில் மிளகாய் அரைக்க ஒருவன் பட்டு விரித்து உட்காருவான். அவனைப் பலகையில் ஏற்றுவது வானம் இல்லை. நீங்கள் மடித்து வைத்த அந்தக் காகிதம்தான். கண் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, தெரியாததைக் கேட்க நாக்கு இருக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு பூவுக்குள் எதைத் தேடுகிறீர்கள்?

உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும். தூர தேசத்துப் பிள்ளைகள் சுகமாக இருக்கட்டும். அவர்கள் வீட்டு அடுப்பில் உங்கள் கை ரசம் ஒருநாள் கொதிக்கட்டும். பேரப்பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே வந்து உங்கள் மடியை நனைக்கட்டும். உங்கள் வீட்டுக் குழந்தைகள் எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்கட்டும், கேட்கிற வாயை அடைக்காத மனசு உங்களுக்கு நீண்ட ஆயுசோடு இருக்கட்டும்.